கைக்குச் சுகம்... இடுப்புக்கு ஆபத்து!

ராமபத்ரன் தன் ஆபீஸ் மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தார்.

தூங்கவில்லை.

நெஞ்சில் ஒரு ஓட்டை. காலடியில் நாலாக மடித்த கோணிச்சாக்கு. அதன் நடுவிலும் ஒரு ஓட்டை... ஓரமெல்லாம் கருகியிருந்தது. குண்டுச் சத்தத்தில் பாதியைச் சாக்கு விழுங்கிவிட்டது. மீதியை மட்டாஞ்சேரி பஜார் ரோட்டின் திங்கட்கிழமைக் காலை லாரிகள் விழுங்கிவிட்டன.

மேஜை டிராயர் திறந்து கிடந்தது. தினமும் காலையில் சாமி படத்துக்கு விளக்கேற்றும்போது இடுப்பில் இருக்கும் ரிவால்வரை எடுத்து அந்த டிராயரில் வைப்பது அவர் வழக்கம்.

இப்போது டிராயரில் ஒரு தீப்பெட்டி மட்டும்தான் இருந்தது.

எட்டரை மணிக்கு டிரைவர் சங்கிலிப்பாண்டி காப்பி பிளாஸ்க்கோடு மாடி ஏறி வந்தான். பார்த்தான். பிளாஸ்க்கைப் போட்டான்.

ஓடினான்!

அவன் செய்த ஒரே தப்பு அதுதான். போதாதா?

*

மறுநாள் காலை பத்து மணி. அன்ஸியாவின் செல்போன் அலறியது.

அன்ஸியாவுக்கு வயது முப்பத்தாறு. பஜார் ரோட்டுக்குப் பின்னால், பழைய இஞ்சிக் கிடங்கு ஒன்றின் பாதியில் பட்டறை வைத்திருக்கிறாள். அவள் செய்வது ஒரே ஒரு பொருள்... ரிவால்வர் கைப்பிடி. லைசன்ஸ் வைத்திருக்கும் எஸ்டேட் முதலாளி, நகைக்கடைக்காரர், ஏலக்காய் வியாபாரி எல்லாரும் அவளிடம்தான் வருவார்கள். கம்பெனி தரும் பிடி எல்லாக் கைக்கும் பொது. அன்ஸியா தருவது ஒரே கைக்கு.

போனில் இன்ஸ்பெக்டர் ரஃபி. பாலக்காட்டுத் தமிழர். ஒரு பொருளைக் காட்ட வேண்டும், பத்து நிமிஷத்தில் வருகிறேன் என்றார். போனை வைத்துவிட்டார்.

அன்ஸியா திரும்பிப் பார்த்தாள்.

பட்டறை மூலையில் மாயம்மாள் உப்புத்தாளை வைத்து ஒரு மரத்துண்டைத் தேய்த்துக்கொண்டே அழுதாள். அழுதுகொண்டே தேய்த்தாள். பாலிஷ் போடும் வேலையில் அவளை விட்டால் அன்ஸியாவுக்கு ஆள் இல்லை. ஓடிப்போன சங்கிலிப்பாண்டி அவள் புருஷன். தேனிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த ஜோடி. நேற்று சாயங்காலம் நாலு மணிக்கு ஆலுவா ஸ்டேஷனில், மதுரை வண்டிக்கு டிக்கெட் எடுக்கும் வரிசையில் நின்றவனைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போய்விட்டது.

இன்று நாலு மணிக்குள் கோர்ட்டில் நிறுத்தி உள்ளே தள்ளிவிடுவார்கள். அப்புறம் வெளியே வர எத்தனை வருஷம் ஆகுமோ!

"அக்கா, அது கோழி அறுத்தாலே மூஞ்சியத் திருப்பிக்கிற ஆளு" என்றாள் மாயம்மாள். "அது போயி மொதலாளியச் சுடுமா?"

"சுடாதுடி."

"நீங்க சொல்லுறீங்க. போலீசு சொல்லலியே."

வாசலில் நிழல் தட்டியது. ராமபத்ரனின் மிளகுக் கடை மேனேஜர் முத்துவேல்.

பஜார் ரோட்டில் மரியாதைக்கு ஒரு கோயில் கட்டினால் மூலவராக முத்துவேலைத்தான் வைக்க வேண்டும். அப்பா காலத்திலேயே மட்டாஞ்சேரிக்கு வந்த குடும்பம். முப்பது வருஷமாக ராமபத்ரனிடம் வேலை. பெரியவர் யார் எதிரே வந்தாலும், மடித்துக் கட்டிய முண்டு சட்டென்று கீழே இறங்கிவிடும். கேரளத்தில் வேட்டிக்கு முண்டு என்று பேர் மாறினாலும் மரியாதை அதேதான். முத்துவேல் மூட்டை தூக்குகிறவர்களுக்குக்கூட முண்டை இறக்கிவிட்டுத்தான் பேசுவார்.

மாயம்மாளுக்காக எர்ணாகுளத்தில் ஒரு வக்கீலிடம் சொல்லியிருப்பதாகவும், பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார். ஒரு பையில் அரிசியும் மத்தி மீனும் வாங்கி வந்திருந்தார். சொல்லும்போதே அவர் கண் கலங்கியது.

ஜீப் வந்து நின்றது. ரஃபி உள்ளே வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை.

முத்துவேல் எழுந்து நின்றார். கும்பிட்டார். முண்டு மட்டும் மடித்துக் கட்டியபடியே இருந்தது. வெளியே மழைச் சகதி... பாவம், துக்கத்தில் மறந்திருப்பார் என்று அன்ஸியா நினைத்தாள். அவர் விடைபெற்றுப் போனார்.

ரஃபி உறையை மேஜைமேல் வைத்தார்.

"இது உன் பணியா, அன்ஸியா?"

உள்ளே ஒரு ஜோடி மரப்பிடி. கறுப்பும் சிவப்பும் ஓடிய ஈட்டி மரம். உள்பக்கம் ஊசியால் கீறிய எண், நூற்றுப் பதினேழு.

"என்னோடதுதான் சார். ராமபத்ரன் சாருக்குச் செஞ்சது. எங்கே கிடைச்சுது?"

"டிரைவர் சீட்டுக்கு அடியில."

மாயம்மாளின் கையிலிருந்து உப்புத்தாள் விழுந்தது.

ரஃபிக்கு சந்தோஷம். அடையாளம் சொல்லி ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், கேஸ் முடிந்தது என்றார். துப்பாக்கியை அவன் எங்கேயாவது காயலில் வீசியிருப்பான், நாளைக்கு ஆள் இறக்கித் தேடலாம் என்றார். அன்ஸியா பேனாவை எடுத்தாள். மூடியைத் திறந்தாள்.

மறுபடி மூடினாள்.

"சார், பிடி மட்டும்தான் இருந்ததா?"

"ஆமா."

"துப்பாக்கிய வீசறவன் முழுசா வீசுவான். பிடியைக் கழட்டி சீட்டுக்கு அடியில வச்சுட்டு, மிச்சத்தை மட்டும் எதுக்கு சார் வீசணும்?"

ரஃபியின் சந்தோஷம் கொஞ்சம் இறங்கியது.

அன்ஸியா அலமாரியிலிருந்து ஒரு இரும்புச் சட்டத்தை எடுத்தாள். அளவு பார்க்க வைத்திருப்பது. சுடாது, சும்மா உடம்பு மட்டும்தான். பிடி இல்லாத ரிவால்வர் எப்படி இருக்கும் என்று அதைப் பார்த்தால் தெரியும். நடுவில் ஒரு ஸ்பிரிங், சுற்றிலும் மெல்லிய இரும்பு வளையம். அதை அவர் கையில் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னாள்.

"ஆவ்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வெட்டுதில்லையா? பிடி இல்லாம இதை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. அப்போ கழட்டினவன் வேற ஒரு பிடியை மாட்டியிருக்கான். மாட்டியிருந்தா அவனுக்குத் துப்பாக்கி இன்னும் வேணும். ஆனா பழி மட்டும் பாண்டி தலையில விழணும்."

"இன்னும் வேணும்னா..."

"இன்னொரு ஆளையும் சுடப் போறான் சார்."



ரஃபி குரலைத் தணித்தார். ராமபத்ரனின் வீடு, ஆபீஸ், கிடங்கு எல்லாம் நேற்றே சோதனை போட்டாயிற்று என்றார். ஒன்றும் கிடைக்கவில்லையாம்.

"ஆளுங்களைச் சோதனை போட்டீங்களா? இழவு வீட்டுல அழறவன் இடுப்பை யாரு சார் தடவிப் பார்ப்பாங்க?"

ரஃபி தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். எந்தப் பிடியை மாட்டியிருப்பான் என்று கேட்டார்.

அன்ஸியா மாதிரிப் பெட்டியை இழுத்தாள். மழைக்காலத்தில் வியாபாரம் மந்தம். இரண்டு வாரமாக அதைத் திறக்கவேயில்லை.

திறந்தாள்.

மூன்று குழி. பெரிய மரப்பிடி இருந்தது. குட்டிப் பிடி இருந்தது.

மூன்றாவது குழி காலி!

*

இரண்டு வாரத்துக்கு முன்னால் ராமபத்ரன் அந்தப் பட்டறைக்கு வந்தார். இருபது வருஷமாக அலமாரியில் தூங்கிய குட்டி ரிவால்வரை இனிமேல் இடுப்பில் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம். சரியில்லாத மிளகு ஒரு லோடு திருப்பி அனுப்பியதற்கு யாரோ போனில் கொன்றுவிடுவேன் என்று மிரட்டியிருந்தார்கள்.

கூட இரண்டு பேர். குடை பிடித்தபடி முத்துவேல். செல்போனைத் தடவியபடி அக்கா மகன் கல்யாணராமன். இருபத்தெட்டு வயது, ஜீன்ஸ், தொளதொள சட்டை. காக்கநாட்டு கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு மாமாவின் மிளகுக் கடையைப் பார்க்க வந்தவன். வந்த நாளிலிருந்து யாரிடமும் சிரித்ததில்லை. சங்கிலிப்பாண்டி வெளியே காரில் இருந்தான்.

அன்ஸியாவின் பட்டறையில் சில முறைகள் உண்டு. முதலில் லைசன்ஸ். அதைப் பார்க்காமல் வாங்க என்றுகூடச் சொல்ல மாட்டாள். அடுத்து குண்டுகள் அத்தனையும் காலி ஊறுகாய் பாட்டிலுக்குள் போக வேண்டும். துப்பாக்கியை அவள் தொட மாட்டாள். சொந்தக்காரர்தான் திருப்புளியால் பிடியைக் கழற்ற வேண்டும். ஒரே ஒரு திருகு. ராமபத்ரன் கழற்றினார். இரண்டு பேரும் பார்த்தார்கள்.

"எனக்குக் கைக்கும் சுகமா இருக்கணும், அன்ஸியா. ஒருத்தர் கண்ணுலயும் படப்படாது" என்றார் ராமபத்ரன்.

"ரெண்டும் ஒண்ணா வராது சார். கைக்கு சுகமா இருக்கறது இடுப்புக்கு சுகமா இருக்காது. நடுவுல எங்கேயாவதுதான் நிக்கணும்."

பெரிய மரப்பிடியை முதலில் கொடுத்தாள். மூன்று விரலும் அழகாக உட்கார்ந்தது. அவர் முகம் மலர்ந்தது. இடுப்பில் செருகச் சொன்னாள். சட்டைக்கு மேலே ஒரு மாம்பழம் புடைத்தது. முகம் வாடியது.

குட்டிப் பிடியைக் கொடுத்தாள். இடுப்பில் இருப்பதே தெரியவில்லை. ஆனால் கையில் எடுத்தால் சுண்டு விரல் போக இடம் இல்லாமல் அந்தரத்தில் தொங்கியது. ஏற்கெனவே அந்த விரலில் அவருக்கு மூட்டுவலி. வேண்டாம் என்றார்.

இந்த நேரத்தில்தான் முத்துவேல், நிற்பதே மரியாதைக் குறைவு என்பதுபோல நெளிந்து, எல்லாருக்கும் சாயா வாங்கி வருகிறேன் என்று கிளம்பிப் போனார்.

மூன்றாவது, கறுப்பு ரப்பர். மேலெல்லாம் மணி மணியாகச் சொரசொரப்பு. ராமபத்ரனுக்கு முன்னால் கல்யாணராமன் கை நீட்டி வாங்கிக்கொண்டான். அழுத்திப் பார்த்தான். முதல் தடவையாக அவன் வாய் திறந்தது, செமயா இருக்கு என்றான்.

"கைக்கு இது மாதிரி சுகம் கிடையாது" என்று அன்ஸியா ஒத்துக்கொண்டாள். "ஆனா சார், நீங்க முண்டு கட்டறவரு. ஒரு டெஸ்ட் இருக்கு. இதை மாட்டி இடுப்புல வைங்க. முண்டை மடக்கிக் கட்டுங்க. இப்ப எதிர்ல உங்க குருநாதர் வர்றார்னு நெனச்சு இறக்கி விடுங்க."

ராமபத்ரன் இறக்கினார்.

இடது பக்கம் சரசரவென்று பாதம் வரை போனது. வலது பக்கம் போகவில்லை. முண்டின் கரை ரப்பரில் ஒட்டிக்கொண்டு அரைக்கம்பத்தில் நின்றது! கறுப்புப் பிடி ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பவனைப் போல எட்டிப் பார்த்தது. ராமபத்ரன் தொப்பை குலுங்கச் சிரித்தார். சிடுமூஞ்சி கல்யாணராமன்கூடச் சிரித்துவிட்டான்.

"ரப்பர் துணியைப் பிடிக்கும். பேன்ட் போட்டு, சட்டையை வெளியே விட்டவங்களுக்கு எப்படியோ சமாளிக்கலாம். முண்டுக்கு ஆகவே ஆகாது. உங்களுக்கு மரம்தான். அடியை உருட்டி, வயித்தை மட்டும் கொஞ்சம் புடைக்க விட்டு, துணி படற இடத்தைக் கண்ணாடி மாதிரி தேய்ச்சுத் தர்றேன்."

முத்துவேல் சாயாவோடு வந்தார். எல்லாரும் குடித்தார்கள். குடித்த கிளாஸ்களை அவரே பொறுக்கினார். மேஜையைத் துடைத்தார். மாதிரிகளைப் பெட்டியில் அடுக்கி மூடியும் வைத்துவிட்டுப் போனார். தங்கமான மனுஷன்.

நாலு நாளில் ஈட்டி மரப்பிடி தயாரானது. ராமபத்ரன் பத்துத் தடவை முண்டை இறக்கிப் பார்த்தார். பத்துத் தடவையும் தடையில்லாமல் இறங்கியது. அன்று அவர் சந்தோஷமாகப் போனதுதான், அன்ஸியா அவரைக் கடைசியாகப் பார்த்தது.

*

"அப்போ ரப்பரை எடுத்தது ரெண்டு பேர்ல ஒருத்தன்" என்றார் ரஃபி.

அன்ஸியா யோசித்தாள். ரப்பர் முண்டுக்கு ஆகாது என்று தெரிந்த ஒருவன், முண்டு கட்டுகிறவனாக இருந்தால் அதைத் திருடமாட்டான். பேன்ட் போடுகிறவன்தான் எடுப்பான். செமயா இருக்கு என்று சொன்னதும் அவன்தானே? மாமாவுக்குப் பிள்ளை கிடையாது. கடையும் கிடங்கும் யாருக்குப் போகும் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

"கல்யாணராமன்" என்றாள்.

ரஃபி கடிகாரம் பார்த்தார். மூன்று மணிக்குப் போஸ்ட்மார்ட்டம் முடிந்து உடல் கிடங்கு வாசலுக்கு வருகிறது. கடைசியாக ஒருமுறை கடை வாசலில் வைத்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். பஜார் ரோடு முழுக்க அங்கேதான் இருக்கும். அவனும் இருப்பான். பிடிபட்டால் சங்கிலிப்பாண்டி வெளியே. பிடிபடாவிட்டால் நாலு மணிக்குக் கோர்ட். அதற்கு மேல் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்.

மாயம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நானும் வருவேன் என்றாள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

*

இரண்டே முக்கால்.

மிளகுக் கிடங்கு வாசலில் இருநூறு பேர். மழை விட்டிருந்தது. தரையெல்லாம் கணுக்கால் தண்ணீர். அத்தனை ஆண்களும் முண்டை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தார்கள். சுமைதூக்கும் தொழிலாளிகளின் தலைவர் தாவூது, கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். முத்துவேல் ஒரு தூணோரம் கை கட்டி நின்று அழுதுகொண்டிருந்தார்.

கல்யாணராமன் தனியாக நின்றான். ஜீன்ஸ். வெளியே விட்ட தொளதொள சட்டை. வலது இடுப்பில்...

புடைப்பு!

அன்ஸியா ரஃபியின் கையைத் தொட்டுக் கண் காட்டினாள். ரஃபி சாதாரணமாக நடந்து போனார். அவன் தோளில் கை போட்டு, கிடங்கு வாசலுக்கு உள்பக்கம் தள்ளிக்கொண்டு போனார். அன்ஸியாவும் மாயம்மாளும் பின்னால் போனார்கள்.

"சட்டையைத் தூக்கு" என்றார் ரஃபி.

கல்யாணராமனின் முகம் வெளுத்தது. அவன் கை இடுப்பைப் பொத்தியது. ரஃபி அந்தக் கையை விலக்கிச் சட்டையை அவரே தூக்கினார்.

காகிதப் பொட்டலம்.

ரஃபி அதைப் பிரித்தார். உள்ளே ஒரு பிடி மிளகு. அவ்வளவுதான்.

"மிளகுக் கடைக்காரன் மிளகை எதுக்குடா ஒளிக்கறே?"

"அது பூரா மிளகு இல்லை சார். கையில எடுத்துப் பாருங்கோ" என்றான் கல்யாணராமன். "பாதி பப்பாளி விதை. நம்ம கிடங்கு மூட்டையில இருந்து எடுத்தேன். மாமாதான் யாருக்கும் தெரியாம எடுத்து லேபுக்கு அனுப்பச் சொன்னார். ரெண்டு வருஷமா யாரோ கலக்கறான்னு அவருக்கு சந்தேகம். எடுத்த மறுநாளே அவரைக் கொன்னுட்டா. அடுத்தது நான்தான்னு பயந்துண்டு இதை இடுப்புலயே வச்சிண்டிருக்கேன்."

இன்னொரு ஆளையும் சுடப் போகிறான் என்று அன்ஸியா சொன்னாளே... அந்த ஆள் இவன்தான்!

"கிடங்குச் சாவி யார்கிட்ட இருக்கு?" என்றாள் அன்ஸியா.

"மாமாகிட்ட ஒண்ணு. இன்னொண்ணு..."

சங்கு ஊதும் சத்தம் கேட்டது. உடல் வந்துவிட்டது.

ஆம்புலன்ஸ் மெதுவாகத் திரும்பி பஜார் ரோட்டுக்குள் நுழைந்தது. கூட்டம் இரண்டாகப் பிளந்து வழி விட்டது. யாரும் சொல்லாமலே நூறு கைகள் இடுப்புக்குப் போயின. நூறு முண்டுகள் ஒன்றாக இறங்கின. கரைகள் தண்ணீரில் நனைந்தன. யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. மனுஷன் போகிறார். மரியாதை கொடுக்க வேண்டும்.

ஒரே ஒரு முண்டு இறங்கவில்லை.

தூணோரம் நின்ற முத்துவேலின் முண்டு!

காலையில் இன்ஸ்பெக்டர் வந்தபோதும் அது இறங்கவில்லையே... மூட்டைக்காரனுக்கும் இறங்குகிற முண்டு, இன்ஸ்பெக்டருக்கு ஏன் இறங்கவில்லை? ரப்பர் முண்டுக்கு ஆகாது என்று அந்த அறையில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். முத்துவேல் அந்த அறையில் இல்லை.

சாயா வாங்கப் போயிருந்தார்.

"சார்" என்றாள் மெதுவாக. "நாம தப்பான இடுப்பைப் பார்த்துட்டோம்."

அதற்குள் கூட்டத்தில் பத்துப் பேர் முத்துவேலைத் திரும்பிப் பார்த்துவிட்டார்கள். முப்பது வருஷம் சோறு போட்ட முதலாளியின் உடல் முன்னால், மரியாதையின் மறு பெயர் முழங்கால் தெரிய நிற்கிறது. தாவூதின் முகம் சுருங்கியது. அவர் முத்துவேலின் காதருகே குனிந்தார்.

"முத்துவேலு... முண்டு."

முத்துவேல் கேட்காதவர் போல நின்றார்.

"சேட்டா, முண்டு" என்றது பின்னால் இன்னொரு குரல்.

ஆம்புலன்ஸ் அவர் எதிரே வந்து நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் ராமபத்ரன் மாலையோடு படுத்திருந்தார். இருநூறு ஜோடிக் கண்கள். முத்துவேலின் நெற்றியில் வேர்வை. கை தானாக இடுப்புக்குப் போனது. முப்பது வருஷப் பழக்கம் சொன்னால் கேட்குமா? இரண்டு விரலால், பூவைப் பறிப்பவரைப் போல, கரையை எடுத்து மெல்ல இறக்கினார்.

இடது பக்கம் இறங்கியது.

வலது பக்கம்...

அரைக்கம்பம்!

வெள்ளை முண்டு ஒரு பக்கம் தூக்கி நிற்க, சட்டை ஒதுங்கி, இடுப்பில் மணி மணியாய்ச் சொரசொரத்த கறுப்பு ரப்பர் பிடி ஊருக்கே முகம் காட்டியது.

தாவூது வாயைப் பிளந்தார். ரஃபி ஓடினார்.

முத்துவேலின் முகத்திலிருந்து மரியாதை வழிந்து போனது. உள்ளே வேறு ஒரு முகம் இருந்தது. வலது கை பாய்ந்து ரப்பரைப் பிடித்தது. கண்கள் கிடங்கு வாசலில் நின்ற கல்யாணராமனைத் தேடிப் பிடித்தன.

துப்பாக்கியை உருவினார்.

துப்பாக்கி வந்தது... கூடவே முண்டும் வந்தது!

ரப்பர் விடவில்லை. மேலே தூக்கிய ரிவால்வரைச் சுற்றி முழ நீளத் துணி. விசையை அழுத்தினார். பின்னால் எழும்பிய ரிவால்வரின் சுத்தியல் துணியைக் கவ்வியபடி மடங்கியது. டப் என்று ஒரு ஊமைச் சத்தம். அவ்வளவுதான். மறுபடி அழுத்த அவர் விரல் வளைந்தது.

அதற்குள் தொங்கிக்கொண்டிருந்த முண்டின் மறுமுனையை ஒரு கை பிடித்துவிட்டது. மாயம்மாளின் கை. இரண்டு வருஷமாக உப்புத்தாள் தேய்த்து இரும்பாகிப்போன கை.

"எம் புருஷன் மேலயா பழி போட்டே!"

இழுத்தாள். முத்துவேல் பம்பரம்போல இரண்டு சுற்றுச் சுற்றித் தண்ணீரில் விழுந்தார். ரிவால்வர் துணி மூட்டையாக மாயம்மாளின் கைக்கு வந்தது. அவள் அதை அப்படியே ரஃபியிடம் நீட்டினாள். பஜார் ரோட்டின் மிகப் பெரிய மரியாதைக்காரர் நீலக்கோடு போட்ட அண்டர்வேரோடு, முதலாளியின் முன்னால் குப்புறக் கிடந்தார்.

மணி மூன்று பத்து.

*

ஸ்டேஷனில் முத்துவேல் எதையும் மறைக்கவில்லை. பப்பாளி விதை கலந்தது அவர். போனில் மிரட்டச் சொல்லி ஆள் வைத்தது அவர். எதற்கும் இருக்கட்டும் என்று, பட்டறையில் மாதிரிகளை அடுக்கும்போது ரப்பர் பிடியை மடியில் போட்டுக்கொண்டதும் அவர். ராமபத்ரன் பயந்து பேசாமல் இருப்பார் என்று பார்த்தால், அவர் இடுப்பில் ரிவால்வரோடு, கல்யாணராமனை வைத்து மூட்டைகளைச் சோதிக்கக் கிளம்பிவிட்டார். அதனால் விளக்கேற்றும் நேரத்தில் முடித்தார். சங்கிலிப்பாண்டி டீக்கடையில் நின்ற நேரம் பார்த்துப் பிடியைக் கார் சீட்டுக்கு அடியில் தள்ளினார். ரப்பர் துணியைப் பிடிக்கிறது என்று கொலை செய்த அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டதாம். மாற்ற வேறு பிடி இல்லை. யார் வந்தாலும் முண்டை இறக்காமல் ஒரே ஒரு நாளை ஓட்டிவிட்டால் போதும் என்று நினைத்தார். ராத்திரிக்குள் கல்யாணராமனையும் முடித்துவிட்டுத் துப்பாக்கியைக் காயலில் போடுவதாகத் திட்டம்.

சங்கிலிப்பாண்டியை விடுவித்தார்கள். எதிர்க் கடையில் உட்கார்ந்து இரண்டு பிளேட் கப்பைக் கிழங்கும் மீன்குழம்பும் தின்றான். பக்கத்தில் மாயம்மாள் உட்கார்ந்து, இனிமேல் எதைக் கண்டாலும் ஓடக் கூடாது என்று அவன் தலையில் தட்டித் தட்டிச் சொன்னாள். தட்டும்போதெல்லாம் அவள் கண்ணிலிருந்து தண்ணீர் விழுந்தது. அவன் தலையாட்டித் தலையாட்டித் தின்றான். அன்ஸியா திரும்பிக்கொண்டாள்.

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் வெளியே வரும்போது லாக்கப் கம்பிக்குப் பின்னாலிருந்து குரல் கேட்டது.

"அன்ஸியா... ரெண்டு வாரமா யோசிச்சுச் செஞ்சதும்மா. நான் எங்கே தப்புப் பண்ணேன்?"

அன்ஸியா நின்றாள்.

"அன்னைக்கு நீங்க சாயா வாங்கப் போயிருக்கக் கூடாது சேட்டா. முக்கியமான பாடத்தை விட்டுட்டீங்க."

முத்துவேல் தலை குனிந்தார். போலீஸ்காரர் கொடுத்த ஒரு பழைய முண்டைச் சுற்றி முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தார். அப்போது ரஃபி உள்ளே வந்தார்.

முத்துவேலின் முண்டு சட்டென்று இறங்கியது. இரண்டு பக்கமும்!

அன்ஸியா அதைப் பார்த்தாள். சிரித்தாள்.

"பாருங்க, இப்ப எவ்வளவு சுகமா இறங்குது... கவலைப்படாதீங்க சேட்டா, ஜெயில்லயும் முண்டுதான் குடுப்பாங்க."